கூடாத எலும்பும் கூட்டும் கலையும்

'ஜப்ர்' என்னும் அரபுச் சொல்லை நம்மவர் பெரும்பாலும் கணக்கோடு மட்டுமே சேர்த்து அறிவர். ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் பெயரில் அச்சொல் இடம்பெற்றது. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் அந்நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டது. அதனோடு அச்சொல்லும் ஐரோப்பா சென்று, 'அல்ஜிப்ரா'வாகி, நம் பள்ளிப் பிள்ளைகளை வருத்தும் பாடமாகக் கீழ்த்திசைக்கே திரும்பி வந்தது. ஆயினும் அதன் மூலப்பொருள் கணக்கன்று. முறிந்த எலும்பை அதன் நிலைக்குக் கொணர்ந்து கூட்டுவதே ஜப்ர். சமன்பாட்டில் குறைபட்டு நிற்கும் பக்கத்தை நிறைவு செய்தலை அப்பெயரால் அழைத்தது உவமை வழியாக என்பர். ஸ்பானிய மொழி இந்த மூலப்பொருளை நெடுங்காலம் மறக்கவில்லை. செர்வாண்டிஸ் 1615இல் வெளியிட்ட 'டான் குயிக்ஸோட்' இரண்டாம் பாகத்தில் அடிபட்டு வீழ்ந்த ஒருவனுக்கு 'அல்ஹெப்ரிஸ்தா' ஒருவர் சிகிச்சை செய்கிறார். அவர் கணக்கு வாத்தியார் அல்லர், எலும்பு வைத்தியர்!

அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவனை அவன் விரும்பாததற்கு உட்படுத்துதல், நிர்ப்பந்தித்தல் என்பது அது. கூட்டுதல், நிர்ப்பந்தித்தல் ஆகிய இவ்விரண்டும் ஒரு வேரில் எவ்வாறு கிளைத்தன என்று அகராதிக்காரர்கள் ஆராய்வர். தொடை எலும்பு முறிந்தவரை அருகிலிருந்து பார்த்தவர்க்கோ அந்த ஆராய்ச்சி தேவைப்படாது. கை எலும்புக்கும் விலா எலும்புக்கும் ஜப்ரின் முதற்பொருள் போதும். தொடை எலும்புக்கு இரண்டாம் பொருளும் வேண்டியிருக்கிறது. அதை உணராமையால் நம் புறநகர்களில் எத்தனையோ இளைஞர்கள் ஊன்றுகோலோடு ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். இக்கட்டுரை அவ்வெலும்பின் வரலாற்றைப் பற்றியது.

முறிந்த எலும்பு கூடாமற் போவது ஏன் என்ற கேள்வி புதிதன்று. ஸ்பெயின் நாட்டு மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 404 (கி.பி. 1013) அளவில் மறைந்த அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்னும் பெருநூலின் 30ஆம் பகுதியை அறுவை மருத்துவத்திற்கென ஒதுக்கி, அதன் மூன்றாம் பிரிவு முழுவதையும் எலும்பு முறிவுக்கும் மூட்டு நழுவலுக்கும் கொடுத்தார். ஹிஜ்ரி 428இல் மறைந்த இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' நூலின் நான்காம் புத்தகத்தில் இப்பொருளை எடுத்துக்கொண்டு, கூடுதல் தாமதமாவதற்கான காரணங்களைச் சுருக்கமாகக் கூறுகிறார். முறிந்த இடத்தில் மிகுதியாக நீர் ஊற்றி ஒற்றடமிடுதல் ஒன்று. கட்டை அடிக்கடி அவிழ்த்துக் கட்டுதல் மற்றொன்று. அவசரப்பட்டு உறுப்பை அசைத்தலும், உடலில் இரத்தம் குன்றியிருத்தலும் ஏனையவை.

இக்காலத்து எலும்பியல் நூல் எதனையும் விரித்துப் பாருங்கள். எலும்பு கூடாமைக்கு அவை கூறும் காரணங்களுள் தலையானவை இரண்டு: முறிவிடம் அசைந்துகொண்டேயிருத்தல், அவ்விடத்திற்கு இரத்த ஓட்டம் போதாமை. இவற்றோடு கிருமித் தொற்று, சர்க்கரை நோய், புகையிலை, ஊட்டமின்மை ஆகியவை சேர்கின்றன. கிருமியை இப்னு ஸீனா கண்டதில்லை. புகையிலையோ அமெரிக்காவிலிருந்து அவர் காலத்திற்கு ஐந்நூறாண்டுகளுக்குப் பின்னரே வந்தது. எஞ்சியவற்றில் அவர் கண்டவை இன்றும் நிற்கின்றன. ஊட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. அரபுகள் ரொட்டிக்கு 'ஜாபிர் இப்னு ஹப்பா' என்று விளையாட்டாய்ப் பெயரிட்டிருந்தனர். 'தானியமணியின் மகன், எலும்பு கூட்டுபவன்' என்பது அதன் பொருள். பசியால் முறிந்தவனைக் கூட்டுவதால் அப்பெயர்.

இனித் தொடை எலும்புக்கு வருவோம். மனித உடலில் மிக நீளமானதும் மிக வலியதும் அதுவே. அதை முறிக்கப் பெரும் விசை வேண்டும். முறிந்துவிட்டாலோ, அதைக் காத்து நின்ற தசைகளே அதற்குப் பகையாகின்றன. இடுப்பிலிருந்து இறங்கும் தசைகள் மேல்துண்டை முன்னோக்கியும் வெளிப்புறமாகவும் இழுக்கும். உட்தொடைத் தசைகள் கீழ்த்துண்டை உள்ளே இழுக்கும். முறிவு முழங்காலுக்கு அண்மையிலாயின் கெண்டைக்காலின் தசை அத்துண்டின் நுனியைப் பின்புறமாகச் சாய்த்துவிடும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கால் குட்டையாகும். போதாக்குறைக்கு, தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் வெளிக்குத் தெரியாமல் கசிந்து தேங்கக்கூடும். கையை மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினால் சிம்புக்கும் எலும்புக்கும் இடையே இருப்பது சிறிதளவு தசையே. தொடையிலோ கட்டு தசையைத்தான் பிடிக்கும், எலும்பைப் பிடிக்காது. வெளியே எவ்வளவு இறுகக் கட்டினும் உள்ளே துண்டுகள் அசைந்துகொண்டேயிருக்கும்.

தாம்பரத்து நிலைமையை இங்கே சொல்லியாக வேண்டும். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து அப்பாதையை ஒட்டிய ஊர்கள் ஒன்றோடொன்று கலந்து வளர்ந்தன. பல்லாவரமும், குரோம் தோல் ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையும், 2021இல் மாநகராட்சியான தாம்பரமும் இன்று ஒரே நீண்ட தெருவாகக் காட்சியளிக்கின்றன. அத்தெருவின் பெயர் ஜி.எஸ்.டி. சாலை. விபத்தில் தொடை முறிந்தவர் என்றால் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் சென்ற இளைஞரே. அவரைச் சுமந்து செல்லும் உறவினர் கண்ணில் இருவகைப் பலகைகள் படும். ஒன்று மருத்துவமனைப் பலகை. மற்றொன்று 'புத்தூர் கட்டு' என்னும் பலகை.

புத்தூர் என்பது ஆந்திரத்தில், இப்போது திருப்பதி மாவட்டம் எனப்படும் பகுதியில், திருத்தணிக்கு அப்பால் உள்ள ஊர். அவ்வூரை அடுத்த ஒரு சிற்றூரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு குடும்பத்தார் வழிவழியாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வந்தனர். அரைத்த தழை, முட்டை வெண்கரு, துணி, மூங்கில் பத்தை இவையே அவர்தம் கருவிகள். அவ்வூர்ப் புகழால் 'புத்தூர்' என்பது ஓர் ஊரின் பெயர் என்ற நிலை மாறி ஒரு வைத்திய முறையின் பெயராயிற்று. இன்று சென்னைப் புறநகரில் அப்பலகையைத் தொங்கவிட்டிருப்போர் யாவரும் அக்குடும்பத்தின் வழிவந்தோர் அல்லர் என்பதை வாசகர் அறிவர்.

இக்கட்டைக் கண்மூடிப் பழிப்பவரோடு நான் சேரமாட்டேன். சிறுவர் மணிக்கட்டில் விலகாத விரிசல், விரல் முறிவு, விலா எலும்பு முறிவு போன்றவை ஒழுங்கான ஓய்வு கிடைத்தால் தாமே கூடும் இயல்பின. அவற்றில் கட்டு வெற்றி பெறுவதில் வியப்பில்லை. அவ்வெற்றியைக் கண்ட மக்கள் நம்பிக்கை கொள்வதிலும் பிழையில்லை. பிழை எங்கே நேர்கிறது எனில், விரலில் கூடியதனால் தொடையிலும் கூடும் என்று கருதும் இடத்தில். கியாஸ் என்னும் ஒப்புநோக்கு முறையைப் பயின்றவர்க்கு இது விளங்கும். இரு பொருள்கட்கும் பொதுவான காரணம் இல்லாதபோது ஒன்றன் தீர்ப்பை மற்றொன்றுக்குக் கொடுப்பது 'கியாஸ் மஅல் ஃபாரிக்' ஆகும், அது செல்லாது. கட்டை வாரந்தோறும் அவிழ்த்து மறுபடி கட்டுவதும், உருவி விடுவதும் இப்னு ஸீனா எச்சரித்த அதே செயல்கள் என்பதையும் கருதுக.

மேற்கு நாட்டாரும் இந்தப் பாடத்தை எளிதில் கற்றுவிடவில்லை. சுண்ணச்சாந்தை அச்சாக வார்த்து முறிந்த காலை அசையாமல் வைக்கும் முறையைப் பஸ்ராவில் கண்ட செய்தியை வில்லியம் ஈட்டன் என்னும் ஆங்கிலேயர் 1798இல் தம் நூலில் வெளியிட்டார். அம்முறை அப்பக்கத்து மக்களிடம் முன்பே வழக்கிலிருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1852இல், ஹாலந்து நாட்டு இராணுவ மருத்துவர் மத்தெய்சன் சுண்ணப்பொடி தடவிய துணிச்சுருளை நீரில் நனைத்துச் சுற்றும் முறையைக் கண்டார். இன்று நாம் மாவுக்கட்டு என்று சொல்வது அதுவே. 1895இல் ரோண்ட்கன் கண்ட எக்ஸ்ரே, எலும்பு கூடியதா இல்லையா என்பதை ஊகத்திலிருந்து காட்சிக்குக் கொண்டுவந்தது. ஆயினும் தொடை அடங்கவில்லை. முதல் உலகப் போரில் தொடை முறிந்த வீரருள் ஏறத்தாழ ஐவரில் நால்வர் மடிந்தனர். லிவர்ப்பூல் நகரத்து ஹ்யூ ஓவன் தாமஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே அமைத்திருந்த இரும்புச் சிம்பைப் போர்க்களத்திலேயே பூட்டி, காலை இழுத்து நிறுத்தும் வழக்கம் வந்த பின்னரே அச்சாவு ஆறில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. இரும்பு வளையமும் இரு கம்பிகளும் கொண்ட எளிய கருவி அது. அது செய்த வேலை தசைகளை எதிர்த்து இழுத்ததுதான்.

இழுத்து நிறுத்திய காலோடு நோயாளி மூன்று மாதமேனும் படுக்கையில் கிடக்க வேண்டும். எடை தொங்கவிட்ட கட்டிலும் மேலே மரச்சட்டமுமாக அரசாங்க மருத்துவமனைகளின் எலும்பு வார்டுகள் நெடுங்காலம் காட்சியளித்தன. தாம்பரத்தார்க்கு இது போன்ற நீண்ட சிகிச்சை புதிதன்று. 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளர்க்கென இங்கே ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் ஓய்வும் காற்றும் உணவும் தந்து காத்திருப்பதே அன்றைய சிகிச்சை. ரயில் நிலையம் இன்றும் 'சானடோரியம்' என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்குகிறது.

1939இன் இறுதியில் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் தொடை எலும்பின் நடுக்குழலுக்குள்ளேயே நீண்ட உருக்கு ஆணியைச் செலுத்தினார். மறுவருடம் பெர்லினில் அதை எடுத்துரைத்தபோது மூத்த மருத்துவர்கள் திகைத்தனர். மச்சை நிறைந்த குழலை இரும்பால் அடைப்பதா என்று சினந்தோர் பலர். போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்ட நேச நாட்டு வீரர்களின் எக்ஸ்ரே படத்தில் தொடைக்குள் ஓர் உலோகக் கோல் தெரிந்தது. அதைக் கண்டு அமெரிக்க மருத்துவர்கள் வியந்த செய்தி 1945இல் பத்திரிகைகளில் வந்தது. பிற்காலத்தில் அக்கோலின் இரு நுனிகளிலும் குறுக்கே திருகாணி பூட்டும் முறை சேர்ந்தது. துண்டுகள் சுழலவோ சுருங்கவோ அதில் இடமில்லை. நம்மவர் 'ராடு வைத்திருக்கிறது' என்று சொல்வது இதையே. ஜப்ரின் இரண்டாம் பொருள் இங்கே முழுமையடைந்தது எனலாம். தசை இழுத்தாலும் எலும்பு அசைய முடியாது.

இத்தனைக்கும் பிறகும் சில எலும்புகள் கூட மறுக்கின்றன. ஒன்பது மாதம் கடந்து, கடைசி மூன்று மாதங்களில் எக்ஸ்ரே படத்தில் எந்த முன்னேற்றமும் இல்லையெனில் அதைக் கூடாத முறிவு என்பது பொதுவான வழக்கு. அதிலும் இருவகை உண்டு. ஒருவகையில் முறிவின் இரு முனைகளிலும் புது எலும்பு யானைப்பாதம்போல் விரிந்து வளர்ந்திருக்கும். ஆனால் இடையில் பாலம் அமையாது. இரத்தம் உண்டு, அசைவின்மை இல்லை. அங்கே தடித்த ராடு மாற்றியோ தகடு சேர்த்தோ இறுக்கினால் எலும்பு தானே கூடிவிடும். மறுவகையில் முனைகள் கூர்மழுங்கி, காய்ந்த குச்சிபோல் நிற்கும். அங்கே எவ்வளவு இறுக்கினும் பயனில்லை. உயிர் கொடுக்க வேண்டும். முனைகளை இரத்தம் கசியும்வரை செதுக்கி, நோயாளியின் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து சிறு சில்லுகளை எடுத்து அவ்விடத்தில் நிரப்புவர். ஓரிடத்து மண்ணெடுத்து இன்னோரிடத்துக் கரையை அடைப்பது போன்றது இது. எந்தக் கரை எதனால் உடைந்தது என்று பார்க்காமல் மண் கொட்டுவதால் வரும் தோல்விகள் பல.

தொடை எலும்பின் கழுத்து என்பது இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகிய பகுதி. அதன் கதை தனி. அங்கே முறிந்தால் எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் சேர்ந்து அறுபடுவதுண்டு. முதியோர்க்குப் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாலே போதும். மேலைநாட்டில் சில நாட்களுக்குள் அறுவை நடந்துவிடுவதால், மாதக்கணக்கில் கவனியாமல் விடப்பட்ட கழுத்து முறிவை அங்குள்ளோர் அதிகம் காண்பதில்லை. நம் நாட்டில் அது அன்றாடக் காட்சி. ஆகவே அதற்கான விடையையும் நம்மவர் தேட நேர்ந்தது. 1986இல் பிரிட்டனின் எலும்பு மூட்டு அறுவை இதழில் இரு இந்தியக் கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று கல்கத்தாவின் டி. பி. பக்ஷி எழுதியது. கூடாத கழுத்து முறிவில், தசையோடு ஒட்டிய எலும்புத் துண்டை அத்தசையை அறுக்காமலே திருப்பிப் பதித்து, இரத்தத்தையும் கூடவே கொண்டுசெல்லும் வழியை அது விவரித்தது. மற்றொன்று சண்டிகரின் ஓ. என். நாகியும் அவர்தம் தோழரும் எழுதியது. கெண்டைக்காலின் பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பில் ஒரு பகுதியை எடுத்துக் கழுத்துக்குள் திருகாணியோடு செலுத்தும் வழி அதிலுள்ளது. இளையோர்க்குத் தம் சொந்த எலும்பைக் காப்பாற்றித் தரும் வழிகள் இவை. முதியோர்க்கு எலும்புத் தலையையே மாற்றி உலோகப் பந்து வைப்பது எளிது. அவ்வகை அறுவைக்குப் பெயர்பெற்ற மணப்பாக்கத்து மருத்துவமனையை பி. வி. ஏ. மோகன்தாஸ் 1999இல் நிறுவிய பின் தென்புறநகரார் அதற்காக நகரத்தின் நடுவே செல்ல வேண்டியதில்லை என்றாயிற்று. செலவு தாங்குவோர்க்கு என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்க.

எல்லாவற்றிலும் கொடியது, கிருமி புகுந்த கூடாத முறிவு. ராடைச் சுற்றிச் சீழ் வைத்து, தொடையில் துளை விழுந்து, மாதக்கணக்கில் வடியும். அங்கே இறந்த எலும்பைத் துணிந்து வெட்டியெறியாமல் வேறு வழியில்லை. வெட்டினால் நான்கு, ஆறு, எட்டு சென்டிமீட்டர் வெற்றிடம் ஏற்படும். அதை நிரப்பும் வித்தையைக் கண்டவர் சைபீரியாவின் கூர்கான் என்னும் ஒதுக்குப்புற நகரத்தில் பணியாற்றிய இலிஸரோவ். நல்ல எலும்பை ஓரிடத்தில் மெல்ல வெட்டி, வெளியே வளையமும் கம்பியும் பூட்டி, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் துண்டை நகர்த்தினால் பின்னே விட்ட இடைவெளியில் புது எலும்பு தானாகவே விளைகிறது என்பதை அவர் 1950களில் கண்டார். அந்த ஒரு மில்லிமீட்டரையும் ஒரேயடியாக அன்றி, நாளுக்கு நான்கு முறை கால் கால் மில்லிமீட்டராக நகர்த்துவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற வலேரி புரூமெல் மறுவருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் முழங்காலுக்குக் கீழ் எலும்பு நொறுங்கி, பல அறுவைகளாலும் கூடாமல் இவரிடம் வந்து நலம் பெற்றார். மேலைநாட்டு மருத்துவர்கள் இவரை நேரில் கேட்டது 1981இல், இத்தாலியில்தான். தொடை பருத்திருப்பதால் முழுவளையம் அங்கே வசதிப்படாது. எனவே தொடையின் ஒரு பக்கத்தில் மட்டும் ரயில் தண்டவாளம்போல் ஒரு கோல் பூட்டி, அதன்மேல் துண்டை நகர்த்தும் கருவி இப்போது நம் மருத்துவமனைகளில் மிகுதியும் வழங்குகிறது.

இக்கருவியை அணிந்தவர் எட்டு மாதம், ஓராண்டு என்று அதனோடேயே வாழ வேண்டும். இத்தகையோர் ஒளூவைப் பற்றி வந்து கேட்பதுண்டு. ஃபிக்ஹு நூல்களில் 'ஜபீரா' என்னும் சிம்புக்கட்டுக்குத் தனிப் பகுதி இருப்பதையும், அதன்மேல் ஈரக்கையால் தடவினால் போதும் என்ற சலுகையையும் நம் வாசகர் அறிவர். ஒரு நுட்பத்தை மட்டும் சுட்டுகிறேன். காலுறைமீது தடவும் சலுகைக்கு ஊரிலிருப்பவர்க்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் என்று கெடு உண்டு. சிம்புக்கட்டுக்குக் கெடு இல்லை. குணமாகும் வரை என்பதே அளவு. எலும்பு கூடும் காலத்தை நாளெண்ணி வரையறுக்க இயலாது என்பதைச் சட்ட அறிஞர்கள் கண்டிருந்தனர்.

நம் காலத்துத் திட்டங்களுக்கோ கெடு இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்துக்குள்ளானவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. அதனால் பிழைத்த உயிர்கள் பல. பாராட்டத்தக்கதே. ஆனால் தொடை எலும்பின் கணக்கு 48 மணி நேரத்தில் முடிவதன்று. 48 வாரங்கள் எடுத்துக்கொள்வது. மருத்துவக் காப்பீட்டு அட்டை இரண்டாம் அறுவையின் செலவை ஏற்றுக்கொண்டாலும், படப்பையிலிருந்தும் வண்டலூரிலிருந்தும் மாதந்தோறும் ஆட்டோ வைத்துப் படமெடுக்க வரும் செலவையும், ஓராண்டுக் கூலியையும் எந்த அட்டையும் ஏற்பதில்லை. முதல் அறுவை முடிந்து, வலி தணிந்து, தையல் பிரித்ததும் பலர் வருவதை நிறுத்திவிடுகின்றனர். பிறகு காலை ஊன்றும்போது முறிந்த அதே இடத்தில் வலிக்கிறது. உள்ளே கூடாத எலும்பின் அசைவை ராடு தனியே தாங்கித் தாங்கி, ஒருநாள் அதுவும் உடைகிறது. இரும்பு உடைந்துவிட்டதே என்று மருத்துவரைப் பழிப்போர் உண்டு. இரும்பு களைத்துப் போவதற்குமுன் எலும்பு கூடிவிட வேண்டும் என்ற போட்டியில் எலும்பு தோற்றது என்பதே உண்மை. இந்தத் தறுவாயில்தான் உறவினர் சிலர் நோயாளியை மீண்டும் கட்டுப் போடும் இடத்திற்கு அழைத்துச் செல்கின்றனர்.

காப்பாற்ற முடியாத கால்களும் உண்டு. அத்தகையோர்க்காக கே. கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இயங்குகிறது. சென்னையின் எலும்பியல் முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் எம். நடராஜனின் முயற்சியால் எழுந்தது அது. அங்கே செயற்கைக்கால் செய்து தருகின்றனர். அவர் மகன் மயில்வாகனன் நடராஜன், புற்றுநோயால் வெட்டியெடுக்க நேர்ந்த தொடை எலும்பின் இடத்தில் அந்நோயாளிக்கென்றே அளவெடுத்துச் செய்த உலோக எலும்பைப் பொருத்தும் முறையைச் சென்னையில் வளர்த்தார். பலமுறை அறுத்தும் கூடாத முதியோரின் எலும்புக்கும் அவ்வகை உலோக எலும்பு இன்று உதவுகிறது.

இளையோர்க்கு மருத்துவர்கள் இன்னமும் சொந்த எலும்பையே நாடுகின்றனர். நகர்த்திய துண்டு எதிர்முனையைத் தொட்டதும் வேலை முடிந்ததாகாது. புதிதாய் விளைந்த எலும்பு கடினப்பட நகர்த்திய காலத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாத காலம் ஆகும். முன்னும் பின்னும், இரு பக்கங்களிலும் என்று எக்ஸ்ரே படத்தில் எலும்புக்கு நான்கு ஓரங்கள் தெரியும். அவற்றுள் மூன்றிலேனும் கோடு அறுபடாமல் தொடர்ந்த பிறகே கோலைக் கழற்றுகிறார்கள்.